கங்காணிக்குக் காம்பராவில் இடமில்லை

தோட்டத்து மருந்துச்சாலையில் வேலைக்குச் சேருகிறவன் முதலில் பழக வேண்டியது மருந்து வாசனைக்கு அல்ல, நோயாளிகளின் வாய்க்கு. இடுப்பையோ முழங்காலையோ பிடித்துக்கொண்டு வாங்குப் பலகையில் காத்திருந்து அலுத்த என் சக நோயாளிகளே, இலங்கை மலையகத்தில் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்தபோது கேட்ட பேச்சில் கொஞ்சம் உங்களுக்கு.

வெள்ளை மருந்து

வலி என்று வந்தால் எங்களிடம் இருந்தது ஒரு வெள்ளை மருந்து. தலைவலிக்கும் அதுதான், கால்வலிக்கும் அதுதான். லெட்சுமி காலை இழுத்துக்கொண்டு வந்தபோதும் அதையே ஊற்றிக் கொடுத்தேன்.

அவள் கொழுந்து எடுப்பவள். மழை கொட்டிய ஒரு காலையில், ஆட்களை வேலை வாங்கும் வீரையாக் கங்காணி அவளுக்குப் பாறை ஓரத்து நிரையைக் கொடுத்தார். நிரை என்றால் ஒருவர் கொழுந்து எடுக்க வேண்டிய செடி வரிசை. "காச்சலா இருக்குங்க, வேற நெர குடுங்க" என்று கேட்டாள். எதிர்த்துப் பேசிவிட்டாள் என்பதற்காகவே அங்கே அனுப்பினார். கூடையோடு உருண்டு விழுந்தாள். டிக்கோயா ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனாலும் பனி இறங்கும் நாட்களில் கால் குடைந்தெடுக்கும்.

மருந்தைக் குடித்து முகத்தைச் சுளித்தாள். "டொக்டரையா, இத அந்தக் கங்காணி வாயில ஊத்துங்க. எனக்கு வலி கொறையும்."

சுவரைப் பார்த்தபடி

பிறகு அவள் வரவில்லை. அவள் குடியிருந்த லயத்துக்குப் போய்ப் பார்த்தேன். கம்பளிக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலை சீவவில்லை, சோறு தொடவில்லை, பிள்ளை கூப்பிட்டாலும் திரும்பவில்லை. முனி அடித்திருக்கிறது, கோடாங்கியைக் கூப்பிடலாமா என்று அவள் புருஷன் என்னிடமே கேட்டான். காய்ச்சல் இல்லை, நாடி சரியாக இருந்தது. இந்த நோய்க்கு என் அலமாரியில் போத்தல் கிடையாது.

தொழிற்சங்கத் தலைவர், தோட்டத்தை நடத்தும் துரையிடம் கங்காணி மேல் புகார் கொடுத்திருந்தார், விசாரணை வரவிருந்தது. அதைத் தடுக்க தோட்ட ஆபீசின் பெரிய கிளாக்கர், யாழ்ப்பாணத்துக்காரர், நேரிலேயே வந்தார். "கங்காணியை மன்னிச்சு விடு பிள்ளை. விசாரணையிலயும் ஒண்டும் சொல்லாதை. மனம் ஆறும்" என்றார்.

லெட்சுமி திரும்பாமலே பதில் சொன்னாள். "ஒடஞ்சது என் காலு. எப்ப மன்னிக்கிறதுன்னு நான் பாத்துக்கிறேன். நீங்க போயித் தேத்தண்ணி குடிங்கய்யா."

ஒத்தைக் காம்பரா

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்து, சீவி முடிந்து, தானே நடந்து வந்தாள். மருந்து வேலை செய்திருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன்.

"உங்க மருந்த வாசல்ல ரோசாச் செடிக்குல்ல ஊத்துனேன்" என்றாள். "கண்ண மூடுனா அந்தாளு மூஞ்சி. சோத்துல கைய வச்சா அந்தாளு பேச்சு. நேத்துத்தான் யோசிச்சேன். எங்களுக்கு இருக்கிறது ஒத்தக் காம்பரா. அஞ்சு பேரு கால மடக்கிப் படுக்கிறோம். அதுல அந்தாளுக்கு வேற எடம் குடுக்கணுமா? போய்யான்னு விட்டுட்டேன். நல்லாத் தூங்குனேன்."

கால் எப்படி என்று கேட்டேன். "வலிக்குது. வலிக்கட்டும், அது என் காலு."

திருநீறு

சண்டைக்காரர்கள் மாரியம்மன் கோயிலில் ஒருவருக்கொருவர் திருநீறு பூசிவிட்டால் எங்கள் தோட்டத்தில் அத்தோடு வழக்கு முடிந்தது. அதன்பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கமாட்டார்கள். விசாரணைக்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஊரே பார்க்க, வீரையா திருநீற்றுத் தட்டோடு லெட்சுமி முன் வந்து நின்றார்.

"தெரியாமச் செஞ்சிட்டேன், லெட்சுமி."

"தெரிஞ்சுதான் செஞ்சீங்க. பூசுங்க, எனக்கு உங்க மேல கோவமில்ல."

அவர் பூசினார். அவளும் பூசிவிட்டாள். மூச்சு வந்ததும் கங்காணி மெல்லக் கேட்டார்: "அப்ப திங்கக்கெழம நீ ஆபீசுக்கு வரத் தேவயில்லயே?"

"வருவேனே. கோவத்தோட வந்தா எனக்குப் பேச்சுத் தடுமாறும். இப்ப நிதானமாச் சொல்லுவேன்."

ஆபீஸ் படி

சொன்னபடியே நிதானமாகச் சொன்னாள். காலைப் பற்றிச் சாட்சி சொல்ல நானும் அங்கே நின்றேன். மன்னித்த பிறகு என்ன புகார் என்று துரை கேட்டார். "அவரு வேல போகணும்னு நான் கேக்கலீங்க. மழையில அந்த நெரைக்கு யாரையும் அனுப்பக்கூடாது" என்றாள். துரை அப்படியே உத்தரவு போட்டார். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் இலேசான வேலை தருவதாகவும் சொன்னார். அவள் மறுத்து, சமதளமான இடத்தில் நிரை கேட்டு வாங்கினாள்.

வெளியே தூறல். படியெல்லாம் பாசி. தலை குனிந்து நின்ற வீரையா, வழிவிடுவதுபோல ஒதுங்கினார். லெட்சுமி கம்பை ஊன்றி நின்றுகொண்டாள்.

"வழுக்குது கங்காணி. இந்தத் தடவ நீங்க மொதல்ல எறங்குங்க."

கோபக்காரியை எப்படியாவது சமாதானப்படுத்திவிடலாம், மன்னித்துவிட்டவளைத்தான் ஒன்றுமே செய்ய முடியாது.