காது வளையம் காட்டிய பள்ளம்

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். உலையில் நான் சுட்டெடுத்த கறுப்பு வில்லை, சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அதைத் திரவ நைட்ரஜனில் முக்கியதும் மின்தடை பூஜ்யத்துக்கு இறங்கியது. மீக்கடத்தி, அதாவது சூப்பர்கண்டக்டர், கைக்கு வந்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பேராசிரியர் அசையவில்லை.

"ரெண்டு வயரு ஒட்டிக்கிட்டாலும் சைபர்தான் காட்டும். வேற ஆதாரம் இல்லேன்னா தலைப்ப மாத்திரும்மா."

ஒரு வருட உழைப்பு. அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

வழி ஒன்று இருந்தது. வில்லையின் மேல் தங்கக் கம்பி முனையை ஊன்றி, மின்னழுத்தத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டி, மின்சாரம் எவ்வளவு எளிதாக உள்ளே போகிறது என்று பார்க்க வேண்டும். மீக்கடத்திக்குள் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து திரியும். தனியாக வரும் எலக்ட்ரானுக்குக் குறைந்த அழுத்தத்தில் இடம் கிடைக்காது. வரைகோட்டின் நடுவே பள்ளம் விழும். ஒட்டிக்கொண்ட வயர் அதைக் காட்டாது.

தங்கத்துக்கு எங்கே போவது? ஒரு காது வளையத்தைக் கழற்றி, நிமிர்த்தி, முனையைச் சீவினேன். நைட்ரஜன் எப்போதும் மாட்டாஸ்பத்திரியில்தான். சினை ஊசி மருந்து வைத்திருக்கும் கேனிலிருந்து கம்பவுண்டர் ஃபிளாஸ்கில் ஊற்றினார்.

"இம்புட்டுத்தாம்மா. பொறவு மாட்டுக்கு இருக்காது."

பாதியை ஊற்றி அளந்தேன். கிராஃப் தாளில் வைத்த புள்ளிகள் நடுவில் மெல்ல இறங்கி, மறுபுறம் ஏறின. பள்ளம். நைட்ரஜன் வற்றி வில்லை சூடேறியதும் அது தூர்ந்து மறைந்தது. பேராசிரியரைக் கூட்டிவந்து தாளைக் காட்டினேன்; மிச்சத்தைத் தானே ஊற்றினார். அதே இடத்தில் மறுபடி பள்ளம். யார் கண்ணுக்கும் தெரியாத ஒன்றை என் காதுக் கம்பி தொட்டுப் பார்த்துச் சொல்கிறது.

"தலைப்பு இருக்கட்டும்மா. அந்தக் கம்பிய மட்டும் எடுத்துராத" என்றார்.

அன்று சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மா பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, காத மூளியா வச்சுக்கிட்டு வாரே, வளையம் எங்க?"

"வேலை பாக்குதும்மா."

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓட்டை தூர்ந்துவிடக் கூடாதென்று ஒரு வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகிவிட்டாள். ஆய்வேட்டில் கையெழுத்து விழும் வரை அந்தக் குச்சியோடுதான் கல்லூரிக்குப் போனேன்.