பேன்ட்டத்தின் விளக்கு வளையம்

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் குணாளனுக்கு 'முக்கால் குணா' என்று ஒரு பெயர் உண்டு. வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக் கூடத்தில் மூன்று சுவர்களுக்குச் சாயம் அடித்தார். நான்காவது சுவருக்கு முன்னால் அலமாரியை நகர்த்திவிட்டு, அப்படியொரு சுவர் இருப்பதையே மறந்துபோனார். ஜார்ஜ்டவுனில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்கெழுதும் கிராணி வேலையை மட்டும்தான் அவர் இடையில் விடவில்லை. அது முடிவே இல்லாத வேலை என்பதால் முடிக்காமல் விட வழியில்லை.

முடிக்காமல் விட்டவற்றில் பெரியது ஒரு மோட்டார் சைக்கிள். பைராம் தோட்டத்துச் சிவநேசனிடம் வாங்கிய பழைய பிஎஸ்ஏ பேன்ட்டம். வண்டி ஒரு லாரியில் வந்தது. அதன் உறுப்புகள் கோணிச் சாக்குகளில் வந்தன. எல்லா உறுப்புகளும் வரவில்லை. கார்புரேட்டர் கிடைத்தபோது செயின் இல்லை. செயின் கிடைத்தபோது சீட்டு இல்லை. ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து மாட்டினார். இப்போது உதைத்தால் எஞ்சின் ஓடுகிறது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி: முன்விளக்கின் கண்ணாடியைப் பிடித்து நிறுத்தும் குரோம் வளையம். அது இல்லாததால் கண்ணாடி அலமாரிக்குள் கிடந்தது. கீழ்த்தளத்து மோட்டார் நிறுத்துமிடத்தில் வண்டி வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

அங்கேதான் குடியிருப்புச் சங்கத் தலைவர் கார்த்திகேசு அறிவிப்பு ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து குடியிருப்பைச் சுத்தம் செய்யும் கோத்தோங் ரோயோங். கேட்பாரற்ற சாமான்கள் லாரியில் ஏற்றப்படும்.

"அண்ணே, இது சாமான் இல்ல, மோட்டார். பேன்ட்டம்" என்றார் குணாளன்.

"பேன்ட்டமாவது பண்டமாவது! கண்ணு இல்லாதது எப்படிப்பா மோட்டாராகும்?"

"எஞ்சின் ஓடுதுண்ணே."

"எங்க வீட்டு வாஷிங் மெஷின்லயும்தான் எஞ்சின் ஓடுது. விளக்கு மாட்டு, மோட்டார்னு ஒத்துக்கறேன். இல்லாட்டி லாரிதான்லா, சொல்லிட்டேன்."

கார்த்திகேசு கொள்கைக்காரர். சொன்னால் செய்துவிடுவார். அதுதான் அவரிடம் குடியிருப்பே அஞ்சும் குணம்.

மறுநாளே குணாளன் தாம் தினம் ஓட்டும் கப்சாய் என்ற சின்ன மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் தாண்டி, சிம்பாங் அம்பாட்டில் பழைய உதிரிப்பாகம் விற்கும் காஜா மொய்தீன் கடைக்குப் போனார்.

"பாய், பேன்ட்டம் விளக்குக்கு ஒரு வளையம் வேணும். அவசரம்."

காஜா மொய்தீன் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "நாந்தானே குடுத்தேன் உங்களுக்கு? பேப்பர்ல சுத்தி, பத்திரமா கொண்டு போங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"எப்ப பாய்?"

"எங்க ரொஸ்னா கல்யாணத்துக்கு முன்னால. அவ புள்ள இப்ப ஸ்கூலுக்குப் போவுது. வளையத்த மோட்டார்ல மாட்டணும் தம்பி, வீட்ல வச்சு வளக்கக் கூடாது. இன்னொண்ணுக்கு நான் எங்க போவேன்? போய் வீட்ல தேடுங்க."

வீட்டில் புஷ்பவள்ளி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கணவர் அலமாரியைக் குடைவதை வெகுநேரம் பார்த்துவிட்டு, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னார்.

"அரிசி டின்னு மேல பேப்பர்ல சுத்தி வச்சிருந்தீங்களே, அதுவா? அத முனியாண்டி சாமிக்குக் குடுத்து எவ்ளோ நாளாச்சு!"

"சாமிக்கா?"

"பிரிச்சுப் பாத்தேன், பளபளன்னு சாமி தலையச் சுத்தி வைக்கிற திருவாசி மாதிரி இருந்துச்சு. சாமிக்குத்தான் வாங்கியாந்துட்டுச் சொல்ல மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். நம்ம மக சுபாஷினிக்குப் படிக்க இடம் கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டுக் குடுத்துட்டேன்."

"என்னைய ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

"கேட்டேன். போனப் பாத்துக்கிட்டே 'ஆங்'ன்னீங்க. அவளுக்கு இடமும் கிடைச்சு, படிச்சு, வேலைக்கும் போயிட்டா. இப்பப் போய் சாமிகிட்டத் திருப்பிக் கேப்பீங்களாக்கும்!"

குணாளன் படியிறங்கிப் போனார். கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில், மரத்தடியில், முழங்காலுயர மேடையில் முழ உயரச் சாமி. மேலே தகரக் கூரை, பின்பக்கம் திறப்பு. சாமியின் தலையைச் சுற்றி, மாலைக்குள் பாதி மறைந்து, அந்த வளையம் மின்னியது. தினமும் வேலைக்குப் போகும் வழியில் இங்கேதான் அவர் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்பார். வளையம் கிடைக்க வேண்டும் என்றுதான் வேண்டுவார். சாமி இத்தனை காலமும் அதைத் தலையில் வைத்துக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

சிமெண்டு வைத்து அதைப் பதித்தவர் கார்த்திகேசு. அவர்தான் கோயில் தலைவரும். முறைப்படி அவரிடம் போய்க் கேட்டார் குணாளன்.

"சாமி சொத்து. கைய வச்சே, குடியிருப்புல யாரும் ஒன் வீட்டுத் தண்ணி குடிக்க மாட்டாங்க."

"நீங்கதானேண்ணே விளக்கு மாட்டச் சொன்னீங்க?"

"அது சங்கத் தலைவரா சொன்னது. இது கோயில் தலைவரா சொல்றது. ரெண்டு பொறுப்பையும் போட்டுக் கொழப்பக் கூடாதுலா."

ஞாயிறு காலை லாரி வந்தது. ஓட்டுநர் இர்வான் முதலில் கிழிந்த மெத்தைகளை ஏற்றினார், பிறகு கால் ஒடிந்த நாற்காலிகளை. அடுத்தது பேன்ட்டம் என்று கார்த்திகேசு கை காட்டியபோது, வண்டி அங்கே இல்லை. குணாளன் அதை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். பின்னால் புஷ்பவள்ளி, கண்ணாடியைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்தார்.

"குணா, சாமிகிட்ட என்னப்பா பண்ற?"

"வளையத்தத் தொடலண்ணே. வண்டியத்தான் கிட்டக் கொண்டு போறேன்."

கோயிலின் பின்பக்கத் திறப்பில் வண்டியை நெருக்கி நிறுத்தி ஸ்டாண்டைப் போட்டார். சக்கரத்துக்கு அடியில் ஒரு பலகை, அப்புறம் இன்னொன்று. விளக்கின் வாய் சரியாகச் சாமிக்குப் பின்னால் வந்தது. கண்ணாடியை வைத்து, வளையத்தின் திருகாணியை முடுக்கினார். கச்சிதமாகப் பொருந்தியது.

அந்தக் காலத்து வண்டிக்கு எஞ்சின் ஓடினால்தான் விளக்கு எரியும். உதைத்தார். முதல் உதையில் இருமியது, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. மரத்தடி நிழலில் முனியாண்டி சாமியின் தலைக்குப் பின்னால் மஞ்சள் ஒளி வட்டமாக எழுந்தது.

இர்வான் லாரி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து பார்த்தார். விளக்குமாற்றோடு நின்ற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கார்த்திகேசுவின் கைகள் தாமாகவே குவிந்தன, பிறகு சங்கத் தலைவரின் ஞாபகம் வந்து பிரிந்தன, மறுபடியும் குவிந்தன.

"அண்ணே, இது மோட்டாரா சாமானா?" என்று கேட்டார் குணாளன்.

"மோட்டார்தான்" என்றார் கார்த்திகேசு. ஒரு மூச்சு விட்டு, கோயில் தலைவரின் குரலில் சேர்த்துக்கொண்டார்: "ஆனா இனிமே இத இங்கிருந்து நகத்தக் கூடாது. நகத்துனா சாமியே திருவாசியோட வந்துரும்."

குணாளன் இதை எதிர்பார்க்கவில்லை. புஷ்பவள்ளியைப் பார்த்தார். "ஓட்டத்தான் கப்சாய் இருக்கே, அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டுப் புஷ்பவள்ளி பலகையைச் சரியாகத் தள்ளி வைத்தார்.

இப்போதெல்லாம் வேலைவிட்டு வந்ததும் குணாளன் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு கீழே வருவார். பேன்ட்டத்தில் ஏறி உட்கார்ந்து உதைப்பார். பூசை முடியும்வரை எஞ்சின் ஓட வேண்டும். கார்த்திகேசு தீபாராதனை காட்டும்போது ஒளி மங்காமல் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்கு வேறு யாரையும் அவர் ஏறவிடுவதில்லை.

"எங்கண்ணே புறப்பட்டுட்டீங்க?" என்று போகிற வருகிறவர்கள் கேட்பார்கள்.

"பேசாதப்பா, ஓட்டிக்கிட்டிருக்கேன்ல" என்பார் குணாளன், நேராகப் பார்த்தபடி.