ஆடு தின்னும் பூவின் நிறம்

எங்கள் ஊர்த் திருவிழா மேடையில் வருடா வருடம் ரோஜாதான் பூக்கும். பழவேற்காடு ஏரிக்கரையில் நான் பார்த்தே இராத சிவப்பில், பனித்துளி சகிதம், இணையத்திலிருந்து இறக்கிய ரோஜா. மீஞ்சூரில் நான் வேலை செய்யும் ஸ்டூடியோவில் அந்த பேனரை வடிவமைப்பதே நான்தான் என்பதால் எரிச்சல் எனக்குக் கொஞ்சம் கூடுதல். மணல்மேடு முழுக்க அடம்பங்கொடி படர்ந்து இளஞ்சிவப்பும் ஊதாவுமாகப் பூத்துக் கிடக்கிறது, இவர்களுக்கு ரோஜா கேட்கிறது! இந்த வருடம் அடம்புதான் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர், விழாக்குழுவில் இருப்பவர்.

"இன்னாம்மா நீ? ஆடு துன்ற கொடியப் போய் மேடையில கட்டுவாங்களா?"

"கலரப் பாத்துட்டு அப்பறம் பேசுங்க மாமா."

"சரி, மாதிரி ஒண்ணு அடிச்சினு வா. நல்லா இல்லன்னா ரோஜாதான்."

இதற்குமேல் எனக்குத் தூக்கம் வருமா?

அடம்பு காலையில் விரியும், வெயில் ஏறினால் சுருங்கிவிடும். அதனால் விடிந்ததும் கேமராவோடு மணலில் குப்புறப் படுத்தேன். எந்த வெளிச்சத்தில் எடுக்கிறோமோ அந்த வெளிச்சத்தின் சாயமும் படத்தில் ஏறிவிடும். பூவுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒன்றை வைத்து எடுத்து, பிறகு மென்பொருளில் 'இதுதான் வெள்ளை' என்று தொட்டுக் காட்டினால் மற்ற நிறங்கள் தானாக ஒழுங்குக்கு வரும். ஸ்டூடியோவில் அதற்கென்றே அட்டை உண்டு. எங்கள் வீட்டில் எதற்கும் தெர்மாகோல் பெட்டியின் மூடிதான். இறாலுக்கு ஐஸ் போட்டு மூடவும், படகில் உட்காரவும், மழை வந்தால் தலைக்குப் பிடிக்கவும் அதுதான். அதையே பூவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன்.

அச்சடித்து வந்த பூ, பேனா மை கொட்டியதுபோல நீலமாக இருந்தது.

மாமா பார்த்தார், சிரித்தார். "இது அடம்பா? சங்குப்பூவுக்கு அண்ணன் மாதிரி கீது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்ப உட்கார்ந்து சிவப்பைக் கூட்டினால் இலை கருகியது, குறைத்தால் மணல் பச்சையானது. அடம்பை நானே அசிங்கப்படுத்திவிட்டேனே என்று அழுகையே வந்துவிட்டது. வாசலில் அந்த மூடியை மடியில் வைத்து, கோபத்தில் அதன் ஓரத்தை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தேன். உதிர்ந்த மணிகள் பளிச்சென்று வெள்ளை. மேல்பக்கமோ மஞ்சள்!

இறால் தண்ணீரும் வெயிலும் குடித்துக் குடித்து மூடி பழுப்பேறிப் போயிருந்தது. தினமும் பார்ப்பதால் எங்கள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. வீட்டில் அதற்குப் பெயரே 'வெள்ளை மூடி'தான். மஞ்சளைக் காட்டி வெள்ளை என்று சொன்னால் மென்பொருள் என்ன செய்யும், பாவம்? மஞ்சளை அடக்க எல்லாவற்றிலும் நீலத்தை ஏற்றிவிட்டது.

முழங்காலில் வைத்து மூடியை இரண்டாக உடைத்தேன்.

ஏரியில் கையால் இறால் தடவிப் பிடித்துவிட்டு அப்போதுதான் கரையேறி வந்த அக்கா கூச்சலிட்டாள். "அடிப்பாவி! நல்லா இருந்த மூடிய ஏண்டி ஒடச்ச? எறாவ இப்ப எதப் போட்டு மூடுவேன்?"

"புதுசு வாங்கித் தரேன்க்கா, கத்தாத."

மறுநாள் காலை, உடைந்த பக்கத்தைப் பூவுக்கு அருகே வைத்து எடுத்தேன். ஸ்டூடியோவில் அந்த வெள்ளையை ஒருமுறை தொட்டேன், அவ்வளவுதான். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த அதே பூ, உள்தொண்டையில் அதே அடர்த்தி. நான் போட்ட சத்தத்தில் பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்திருந்தவர் எழுந்தே விட்டார். மாமா புது மாதிரியைப் பார்த்துவிட்டு, "சரி, கட்டு" என்றார்.

திருவிழாவன்று காலை பேனரைத் தாழ்வாகக் கட்டியிருந்தோம். மேடைக்குப் பக்கத்தில் போன வருட ரோஜா பேனர் வலைகளுக்குப் போர்வையாகக் கிடந்தது. மாமாவின் ஆடு வந்தது. ஆடு காகிதத்தையும் விடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது ரோஜாவை மிதித்துக்கொண்டு போய், மேடையேறி, கீழ் வரிசை அடம்பை வாயில் கவ்வி இழுத்தது.

மாமா வேட்டியை மடித்துக்கொண்டு ஓடினார். "ஏய், சூ! வுடு! அது பூ இல்ல, படம்!"

அவர் கத்தியது ஊருக்கே கேட்டது. கிழிந்த மூலையை ஒட்ட நான் யாரையும் விடவில்லை.