மஞ்சள் திரை போட்ட வீடு

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. சிடுமூஞ்சித் தரகர் என்றால்தான் தெரியும். வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுக்கிறவன் குழைய வேண்டும், சிரிக்க வேண்டும். இவரோ கதவைத் திறந்துவிட்டு, "பாத்துக்குங்க, குழாய்ல தண்ணி மெதுவாத்தான் வரும்" என்று ஓரமாக நின்றுவிடுவார். சிரிக்கவே தெரியாத மனுஷன் பொய் மட்டும் எங்கே சொல்லப்போகிறான் என்று ஜனங்கள் நம்பினார்கள். பிழைப்பு ஓடியது.

கோபம் வருவதற்கு அவர் காரணம் தேட வேண்டியதில்லை, வீடு கேட்டு வருகிறவர்களே போதும். "அக்கம்பக்கம் நல்லா இருக்கணும் சார்" என்பார்கள். ஆனால் அந்த அக்கம்பக்கத்தில் குழந்தை அழக் கூடாது, மாடியில் யாரும் நடக்கக் கூடாது, எவரும் வந்து கதவைத் தட்டக் கூடாது. "அப்ப சுடுகாட்டுப் பக்கமா பாக்கட்டுமா?" என்று ஒருவரிடம் கேட்டேவிட்டார். நல்ல கிராக்கி, போயே போய்விட்டது. "வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். நீச்சல்குளம் உண்டா, உடற்பயிற்சிக்கூடம் உண்டா என்று துருவித் துருவிக் கேட்டுக் குடிவருகிறவர்கள், எதிர்வீட்டுக்காரர் லிஃப்டில் ஏறினால் கைபேசிக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வதை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

அவரிடமும் ஒரே ஒரு பொய் இருந்தது. தொழிலில் எல்லோரும் செய்வதுதான். கண்ணுக்கு லட்சணமான ஒரு வீட்டின் படத்தை விளம்பரத்தில் போட வேண்டியது. போன் வந்தால், "அடடா, அது இப்பத்தான் போச்சு, வேற காட்டுறேன் வாங்க" என்று இழுத்துக்கொண்டு போக வேண்டியது. தூண்டிலுக்கு ஒரு புழு, அவ்வளவுதான்.

அவருடைய புழு, தையல்காரம்மாவின் முன்னறை.

தெருக்கோடியில் இருந்த அந்த வீட்டை அவள் தலையில் கட்டியவரே இவர்தான். புருஷன் போன பிறகு, பள்ளிக்கூடம் போகிற மகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். ஈரம் குடித்த சுவர், அழுக்கேறி வெளிச்சம் வராத ஜன்னல், யாரும் எட்டிப்பார்க்காத வீடு. அவள் சுவரைச் சுரண்டினாள், ஜன்னலைத் தேய்த்துக் கழுவினாள், தானே வெள்ளையடித்தாள், மிஞ்சின துணிகளை ஒட்டுப்போட்டு மஞ்சளில் ஒரு திரை தைத்தாள், பழைய டப்பாக்களில் செடி வைத்தாள். தெருவில் பாதிப் பேருடைய துணி அவள் மிஷினுக்கு அடியில் போய்த்தான் வந்தது. ஒருநாள் கால்சட்டையைச் சுருக்கக் கொடுக்கப்போன தரகர், திரை வழியாக வெயில் விழுந்த அழகைப் பார்த்துவிட்டு, "ஒரு போட்டோ எடுத்துக்கட்டாம்மா?" என்றார். அவள் கீழே கிடந்த துண்டுத் துணிகளைக் காலால் ஒதுக்கிவிட்டு நகர்ந்து நின்றாள்.

அந்தப் படத்தைப் பார்த்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். இரண்டு பேருக்கும் கணினி வேலை. வழக்கம்போல, "அது போச்சு" என்றார். வேறு வீடுகளைக் காட்டினார். அவர்கள் எதற்கும் மசியவில்லை. படத்தின் ஜன்னலில் தெரிந்த தண்ணீர்த் தொட்டியை வைத்துத் தெருத்தெருவாக நடந்து வீட்டையே கண்டுபிடித்துவிட்டார்கள். விசாரித்து, ஊருக்கு வெளியே இருந்த வீட்டுக்காரரையும் பிடித்து, வாடகை கூடத் தருகிறோம் என்றார்கள்.

வீட்டுக்காரர் தரகரைப் போனில் பிடித்தார். "என் வீட்டுக்கு இவ்வளவு மவுசு இருக்குன்னு ஏன்யா சொல்லல?"

"சார், அந்தம்மா இருக்கறதாலதான் அது வீடு. இல்லாட்டி நாலு ஈரச் சுவரு."

"என் சுவரு, என் இஷ்டம். காலி பண்ணச் சொல்லு."

எவ்வளவோ மன்றாடியும் அந்த ஆள் இறங்கி வரவில்லை. தரகர் நேராகத் தையல்காரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார், போட்டோவைச் சேர்த்துத்தான். அவள் ஓட்டிக்கொண்டிருந்த தையலை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அன்னிக்குப் பெருமையா இருந்துச்சுண்ணே" என்றாள்.

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதே தெருவில் இடம் கிடைத்தால்தான் அவள் வாடிக்கை தப்பும். தெரு நடுவில் இருந்த அடுக்குமாடியில் கீழ்வீடு காலியாக இருந்தது. தரகர் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் போய் நின்றார். மிஷின் சத்தம் ஒத்துவராது என்றார் செயலாளர்.

"நீங்க போட்டிருக்கீங்களே, இந்தச் சட்டைக்குக் காலர் திருப்பித் தச்சது அந்த மிஷின்தான் சார். அப்ப கேக்கலையா சத்தம்?"

செயலாளர் முகம் சிவந்தது. எதற்கும் குழுவில் கேட்டுப்பார்ப்பதாகச் சொல்லி, கைபேசியில் செய்தி போட்டார். பதில்கள் வந்து விழுந்தன. பாவம், ரொம்ப நல்ல டைலர், ஆனால் இங்கே வேண்டாமே என்றார்கள். ஒரு பெண்மணி மட்டும் கூடுதலாக ஒன்று எழுதியிருந்தாள். காலி பண்ணுவதற்குள் தன் துணியைத் தைத்துக் கொடுத்துவிடுவாளா என்று கேட்டிருந்தாள். செயலாளர் அதை வாய்விட்டு வேறு படித்தார். சிடுமூஞ்சி, "நல்லா இருங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

அவள் பஸ் கடைசியாக நிற்கிற இடத்தையும் தாண்டி ஓர் ஒற்றை அறைக்குப் போனாள்.

கணவனும் மனைவியும் சாவி வாங்க வந்தார்கள். கதவைத் திறந்தார் தரகர். அலமாரி நின்ற இடத்தில் சுவர் பூத்துப்போய்க் கிடந்தது. ஜன்னலில் இரண்டு ஆணி.

"சார், இது போட்டோல இருந்த வீடு இல்லையே" என்றாள் மனைவி.

"அது வண்டி ஏறிப் போயிடுச்சும்மா. நீங்கதான் போகச் சொன்னீங்க."

அவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார்கள். வேறு ஆளும் அகப்படாமல், கடைசியில் வீட்டுக்காரரே இறங்கி வந்தார். "அந்தம்மாவையே வரச் சொல்லு. பழைய வாடகையே போதும்."

தரகர் அடித்துப் பிடித்து பஸ் ஏறினார். வழியெல்லாம் அவர் முகம் சிரிப்புக்குப் பக்கத்தில் எங்கோ இருந்தது.

புது அறையில் காரை உதிர்ந்துகொண்டிருந்தது. நடுவில் மிஷின். ஜன்னல் மொட்டையாக நின்றது. மஞ்சள் திரை மடித்துக் கட்டிய மூட்டையாகப் பரண்மேல் கிடந்தது. விஷயத்தைச் சொன்னார். அவள் ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள்.

"வேணாம்ண்ணே. திரும்ப வந்து சுரண்டி, திரும்ப வெள்ளையடிச்சு, திரும்ப யாராவது வந்து நல்லாருக்குன்னு கேக்கவா?"

"சரிம்மா, வர வேணாம். இங்கயாவது அந்தத் திரைய எடுத்து மாட்டும்மா. பொண்ணு படிக்கிற அறை."

"அவளும் மாட்டலாம்னுதான் சொன்னா. நான்தான் வேணாம்னுட்டேன். இப்படியே கிடக்கட்டும். நல்லா இருந்தாத்தானே பிடுங்க வருவாங்க."

யாரைத் திட்டுவது? வெளியே வந்து நின்றார். படத்தை அவர் எப்போதோ நீக்கிவிட்டிருந்தார். ஆனால் வேறு எவனோ அதைத் திருடித் தன் விளம்பரத்தில் போட்டு, ஓரத்தில் இருந்த இவருடைய எண்ணை அழிக்க மறந்திருந்தான் போலிருக்கிறது. கைபேசி அடித்தது.

"சார், மஞ்சள் திரை போட்ட வீடு ஒண்ணு பாத்தேன். இன்னும் இருக்கா?"

"இல்ல. அப்படி ஒரு வீடு எங்கயும் இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்தார்.