சுவிட்சர்லாந்தும் சேர்ந்த பிளான்

என் ஓரகத்தி நாலு நாடு சுற்றிப் பார்க்க ஐரோப்பா கிளம்பினாள். அவள் போனுக்கு டேட்டா பிளான் பார்த்துக் கொடுத்தது நான். இந்த அநியாயம் வேறெங்காவது நடக்குமா?

நாலில் ஒன்று சுவிட்சர்லாந்து. அங்கேதான் என் மகள் வேலை பார்க்கிறாள். போனவள் இன்னும் ஊருக்கு வரவில்லை. வீடியோவில் கூப்பிட்டால் முகத்தை மட்டும் காட்டுவாள். இளைத்திருக்கிறாளா, ஒழுங்காகச் சமைக்கிறாளா, ஒன்றும் தெரியாது. நான் பாஸ்போர்ட் எடுத்து வைத்தும், "மாட்டை யாரு கறப்பாங்க?" என்று கேட்டே என் வீட்டுக்காரர் தட்டிக்கழிக்கிறார். என் பிள்ளையை எனக்கு முன்னால் இவள் பார்க்கப் போகிறாள். எனக்கு வயிறு எரிந்தது.

"ஏனுங்கக்கா, இந்த ஈசிம் எல்லாம் எனக்கெங்கீங்க தெரியும்? நீங்களே போட்டுக் குடுங்க" என்று போனை என் மடியில் வைத்தாள்.

கார்டே இல்லாத சிம் அது. இணையத்தில் வாங்கி ஸ்கேன் செய்தால் போதும். நாட்டுக்கு ஒன்று வாங்கினால் ஒவ்வொரு எல்லையிலும் மாற்ற வேண்டும். 'ஐரோப்பா முழுவதும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த மலிவான பிளானைத் திறந்து நாடுகளைப் படித்துப் பார்த்தேன். சுவிட்சர்லாந்து இல்லை.

"ஒரு நாடு உட்டுப்போனா என்னங்கக்கா, போச்சாது."

"அதெப்படிப் போச்சாது?" குரல் உயர்ந்துவிட்டது. சுவிட்சர்லாந்தும் சேர்ந்ததாக, டேட்டா தாராளமாக உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். "பார்டர் தாண்டுனா போன்ல எதையும் தொடாதே, அதுவே புடிச்சுக்கும். எம்புள்ளை ஊட்டுக்குப் போனதும் கூப்புடு, சமையக்கட்டைக் காட்டு" என்று சொல்லி அனுப்பினேன்.

முதலில் பிரான்ஸ். படங்கள் வந்து குவிந்தன: இவள் கோபுரத்தடியில், இவள் படகில், இவள் ரொட்டிக்கடையில். சுவிட்சர்லாந்து போன அன்று மட்டும் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் மாட்டுச்சாளையில்தான் சிக்னல் நன்றாக வரும். காலையிலிருந்து அங்கேயே நின்றேன்.

பால் கறக்கும் நேரத்தில் ஓரகத்தி போனிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. பேசியது என் மகள்.

"அம்மா, சித்தி பார்டர் வந்ததும் போனையே அணைச்சுப்போட்டாங்க. நாந்தான் இப்பப் போட்டுவுட்டேன்."

எனக்கு உடனே புரிந்தது. கேரள எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் ரோமிங் என்று காசு பிடித்த காலத்தில், பொள்ளாச்சி பஸ்ஸில் நாங்கள் எல்லோரும் போனை அணைத்துவிடுவோம். அந்த ரோமிங் போயும் பழக்கம் இவளை விடவில்லை. ஆல்ப்ஸ் அடிவாரத்தில் போய்க் கோபாலபுரத்தைக் காட்டியிருக்கிறாள்.

சித்திக்காக லீவு போட்டிருந்தாள் மகள். அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, நெய் ஊற்றிப் பரிமாறியிருந்தாள். போன் ஓரகத்தி கைக்கு மாறியது. மகள் அவள் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள்.

"பாருங்கக்கா, குழந்தையாட்டப் படுத்திருக்கறா!"

நெற்றியோரம் ஒட்டியிருந்த முடிகூடத் தெரிந்தது. அவ்வளவு நல்ல பிளான்.

"சிக்னல் சரியில்ல கண்ணு, அப்பறம் பேசறேன்" என்று அணைத்தேன்.

வீட்டுக்காரர் பால் வாளியோடு நின்றிருந்தார்.

"ஏனுங்க," என்றேன், "இந்த வாரம் வேலந்தாவளம் சந்தைக்கு மாட்டை நீங்க ஓட்டிட்டுப் போறீங்களா, நான் போகட்டுங்களா?"