எருமைக்கு எந்தத் தோட்டா?

கண்ணால் பார்க்காத பொருளுக்குப் பதில் சொல்வதுதான் சாட் சப்போர்ட் வேலை. அதில் மாரடித்தவர்களுக்கு நான் சொல்லாமலே புரியும். எனக்கு வாய்த்தது வேட்டைத் தோட்டா விற்கிற கம்பெனி. ஆப்பிரிக்காவில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு எது சரி என்று திருவொற்றியூர் ஆபீஸில் உட்கார்ந்து டைப் அடிக்க வேண்டும். நான் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. மூன்று மாதத்துக்குள் நல்ல பெயர் வாங்காவிட்டால் அனுப்பிவிடுவார்கள். வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான்.

முதல் நாள் எருமை

காட்டெருமைக்கு எந்தத் தோட்டா என்று ஒருவர் கேட்டார். எனக்குத் தெரிந்த எருமை கொடுங்கையூர் குப்பைமேட்டில் மேய்வது. 'ஹேய்' என்றால் நகர்ந்துவிடும். பாவம், அதற்கு எதற்குப் பெரிசு என்று பட்டியலில் இருப்பதிலேயே சின்னதைச் சொன்னேன். ஒரே ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போனார்.

பக்கத்து சீட் ஷகிலா காட்டெருமை வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினாள். கன்டெய்னர் லாரி மாதிரி வந்தது. "இதாண்டி அவரு கேட்ட எரும. நீ சொன்ன தோட்டா அதுக்குக் கொசு கட்ச்சா மாரி கூட இருக்காது."

மூன்று பதில்

அதற்கப்புறம் படிக்க ஆரம்பித்தேன், குழப்பம்தான் வளர்ந்தது. தோட்டாவின் முனை மெத்தென்று இருந்தால் உடம்புக்குள் விரியுமாம், கெட்டியாக இருந்தால் விரியாமல் துளைத்துக்கொண்டு போகுமாம். எருமைக்கு எது? ஓர் இணையப் பக்கம் மெத்து என்றது, இன்னொன்று கெட்டி என்றது, மூன்றாவது முதலில் மெத்து, அடுத்தது கெட்டி என்றது. எதற்கு வம்பு என்று மூன்றையும் அனுப்பினேன். கேட்டவர் எழுதினார்: "மேடம், இதையெல்லாம் நான் படித்து முடிக்கிறவரை எருமை நிற்காது."

கண்

கடைசி வாரம். ஒருவர் 375-ஆ, 458-ஆ என்று கேட்டார். நம்பர் ஏற ஏறத் தோட்டா தடிக்கும், தோளில் உதையும் கூடும். சின்னதைச் சொல்லி எருமை அவரை முட்டிவிட்டால்? பெரிசைச் சொல்லி, உதைக்குப் பயந்து குறி தப்பிவிட்டால்? என் வேலையும் போச்சு, அவர் உயிரும் போச்சு. வேறு வழி தெரியாமல், "எதைச் சுடும்போது நீங்கள் கண்ணை மூடுவதில்லை?" என்று கேட்டேன்.

மறுநாள் ஐந்து ஸ்டாரோடு பதில் வந்தது: "இரண்டையும் சுட்டுப் பார்த்தேன். இரண்டுக்கும் மூடுகிறேன். நான் எருமைக்குப் போகவில்லை. நன்றி."

ரிப்போர்ட்

எங்கள் டீம் லீடர் வியாசர்பாடிக்காரர். என் ரிப்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டினார். "இன்னாம்மா இது? கஸ்டமரு அஞ்சு ஸ்டார் குட்த்துகீறாரு, தோட்டாவ மட்டும் வாங்கல. உன்ன வெச்சிக்கறதா, தொரத்தறதா, எனக்கே ஒண்ணியும் பிரியல."

அவருக்குப் புரிவதற்குள் மூன்று மாதம் முடிந்து என் வேலை நிரந்தரமாகிவிட்டது. எருமை பிழைத்தது என்னால், நான் பிழைத்தது எருமையால்.