பந்து இல்லாத பக்கம்

குளிர் நாட்டில் விளையாட்டு அணிக்கு வீடியோ எடுக்கிற வேலையில், ஆட்டக்காரருக்கு வேர்க்கும், எங்களுக்கு விறைக்கும். பஸ் ஸ்டொப்பில் நின்று விறைக்கிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நான் விட்பியிலிருந்து ரெயினேறி ரொறன்ரோ வந்து, ஒரு ஃபுட்போல் அணியை உயரமான இரும்பு மேடையில் நின்று படம்பிடிப்பவள். காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஆளை ஆள் மோதி ஓடுகிற அமெரிக்க ஆட்டத்தின் கனடாப் பங்காளி.

முதல் நாள்

கமராவைப் பந்தின் பின்னாலேயே ஓடவிட்டேன். ஒன்றும் தவறவில்லை என்று எனக்குப் பெருமை. எதிரணியைத் தடுக்கிற டிஃபென்ஸ் ஆட்களின் கோச், நரைத்த தாடிக்காரர், படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பந்து ஒரு பக்கம் போகும்போது மற்றப் பக்கத்தில் நிற்கிறவர்கள் தங்கள் இடத்தில் பொறுமையாய் நின்றார்களா என்பதுதான் அவருக்குத் தேவை. ஒருவன் பந்துக்கு ஆசைப்பட்டு ஓடினாலும் போதும், அவன் விட்ட ஓட்டைக்குள்ளால் எதிராளி திரும்பி வந்துவிடுவான்.

"பந்தை முழு நாடும் பார்க்குது. எனக்குப் பந்து இல்லாத பக்கத்தைக் காட்டு."

கதவளவு முதுகு

எங்கள் டிஃபென்ஸ் முன்வரிசையின் நடுவில் நிற்கிறவருக்குக் கதவளவு முதுகு. எதிரணியில் இரண்டு பேர் சேர்ந்து அவரைத் தள்ளுவார்கள். அவர் அசையமாட்டார். அந்த இடைவெளியில் பின்னால் நிற்கிற மெல்லியவன் புகுந்து பந்துக்காரனை விழுத்துவான். அரங்கம் அவன் பேரைச் சொல்லிக் கத்தும். இவர் பேரை ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஒருநாள் சாப்பாட்டு வரிசையில் அவரிடம் கேட்டேவிட்டேன், மனவருத்தம் இல்லையா என்று. அவர் தட்டில் இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கைப் போட்டுக்கொண்டார்.

"என்னில ரெண்டு பேர் தொங்கினால், எங்கட ஆள் ஒருத்தனை மறிக்க ஆளில்லை. அவனுக்குக் கைதட்டினால் எனக்கும் கேக்கும்."

கோட்டுக்கு முன்னால்

தோற்றால் சீசன் முடிந்தது. கடைசி வினாடிகள். எங்களுக்கு மயிரிழை முன்னிலை. எதிரணி எங்கள் கோட்டுக்கு ஒரு கஜத் தூரத்தில் பந்தோடு நிற்கிறது; பந்து கோட்டை எட்டினால் வெற்றி அவர்களுக்கு. டிஃபென்ஸின் தலைவன் திடீரென்று கத்தி இடப்பக்கம் கையைக் காட்டினான். ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு விரிப்பை இழுத்ததுபோல் எல்லாரும் சேர்ந்து நகர்ந்தார்கள். பந்து அங்கேதான் வந்தது. ஆளுக்கு மேல் ஆள் விழுந்தார்கள். நடுவர் குவியலை விலக்கியபோது பந்து கோட்டைத் தொடவில்லை. அரங்கம் அதிர்ந்ததில் எங்கள் மேடையும் ஆடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு படத்தை மெதுவாய் ஓட்டிப் பார்த்தோம். எதிரணியில் ஒருவனின் கால், எந்தப் பக்கம் பாயப்போகிறான் என்று சொல்வதுபோல், கொஞ்சம் பின்னுக்கு இருந்தது. தலைவன் அதைக் கண்டிருக்கிறான். மற்றக் கமராக்காரர், பிறம்ரனிலிருந்து வருகிற ரவி அண்ணை, வாய் பிளந்து நின்றார்.

"தங்கச்சி, என்ர மனிசியின்ர முகத்தைப் பாத்துக்கூட நான் இவ்வளவு விளங்கினதில்லை."

டிஃபென்ஸைப் பற்றி இவ்வளவு கற்றும், பிரிட்ஜுக்குள் ஒளித்து வைக்கிற கேக்கை என் இரண்டு பிள்ளைகளிடமிருந்து காப்பாற்ற எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.